வெளியே வந்துவிட்டதாகப் போர்டு காட்டிய மஞ்சுளா

மஞ்சுளா கண் விழித்துப் பேசிவிட்டார். மருத்துவமனையிலிருந்து அவர் தங்கை ராதா சற்று முன் போனில் சொன்னார்.

இன்று காலை பாகலூர் சாலைத் தொழிற்சாலை ஒன்றின் பெயின்ட் பிரிவில் புகை. வேறு வேலையாகப் போன நான் கேட்டில் நின்றிருந்தேன். எல்லோரும் ஓடிவந்தார்கள். கழுத்திலுள்ள அடையாள டேக்கைக் கேட்டிலுள்ள கருவி படித்து, யார் வெளியே வந்தார்கள் என்று போர்டில் காட்டும்.

“எங்கக்கா உள்ளதான் இருக்கா சார்!” என்று உள்ளிருந்து ஓடிவந்த ராதா கத்தினார்.

“எல்லாரும் வந்தாச்சுன்னு போர்டுல காட்டுதும்மா,” என்றார் செக்யூரிட்டி.

“போர்டு பாத்துச்சா எங்கக்காவ? இந்தக் கூட்டத்துல அவ எங்கன்னு காட்டுங்க, வாய மூடிக்கறேன்!”

உள்ளே தேடி, மயங்கிக் கிடந்தவரைத் தூக்கி வந்தார்கள்.

கணினிப் பிரிவு ஊழியர் பிறகு விளக்கினார். இன்று தந்த புது டேக்கில் எட்டு இலக்கத்துக்கே இடம் ஒதுக்கியிருந்தார்கள். ஒப்பந்தத் தொழிலாளர் எண்ணோ பத்து இலக்கம். கடைசி இரண்டு ஏறவில்லை. ஒன்றாக வேலைக்குச் சேர்ந்த சகோதரிகளுக்கு வித்தியாசமே அந்த இரண்டில்தான்.

“அப்ப நான் வெளிய வந்ததாலதான் அவளத் தேடலயா சார்?” என்று, நான் போனில் இதைச் சொன்னதும் ராதா கேட்டார்.

டேக்குகளைச் சரிபார்த்து முடிக்க நாளைக் காலை ஆகுமாம். இரண்டாவது ஷிப்ட் அதே டேக்கோடு உள்ளே போய்விட்டது.

உங்கள் கம்பெனியில் எப்படி? ஆளை எண்ணுகிறார்களா, டேக்கை எண்ணுகிறார்களா?