அவிழ்க்காத கட்டுமரம்

இந்த ஊரில் காலையில் என் முதல் வேலை, இருபது செல்போன்களுக்கு முகம் துடைப்பது. பாரிசுக்குப் பக்கத்தில், படகுகளைக் காட்சிக்கு வைத்திருக்கும் ஒரு மியூசியத்தில் நான் காவலாளி. வருகிற பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு போன் எடுத்துக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு படகின் முன்னாலும் போன் ஒரு கேள்வி கேட்கும். பதில் சரியென்றால் திரையில் மீன் துள்ளும், தப்பென்றால் படகு மூழ்கும். விளையாட்டிலேயே படித்துவிடுகிறார்களாம். எனக்கு இப்படி யாராவது சொல்லிக் கொடுத்திருந்தால் நானும் எட்டாவதைத் தாண்டியிருப்பேன்.

முன்பு எனக்குப் படகுகள் இருக்கும் மண்டபத்துக்குள்ளேதான் வேலை. அங்கே நம் காரைக்கால் பக்கத்துக் கட்டுமரம் ஒன்று இருக்கிறது. போன குளிர்காலத்தில் ஒருநாள் காலை நான் கதவைத் திறந்தபோது, குழாய் வெடித்து அது தண்ணீரில் கிடந்தது. யோசிக்கவே இல்லை. கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாகச் சுவரில் சாய்த்து, துணியால் துடைத்து வைத்தேன். எங்கள் ஊர் மண்டபத்தூரில் பத்து வயதிலிருந்து செய்த வேலை அது. கரையேறியதும் அவிழ்த்துக் காயவைப்போம், மறுபடி கடலுக்குப் போகும்போது கட்டுவோம். "கட்டுனபடியே போட்டா மரம் தண்ணி குடிச்சிக் கனத்துப்போவும்டா" என்று அப்பா அதட்டுவார்.

மியூசியத்து அதிகாரி அம்மாள் வந்ததும், "யார் இதை உடைத்தது?" என்று அலறினார். "நான்தான். காயவைத்திருக்கிறேன்" என்றேன், நன்றியென்று ஒரு மெர்சியாவது சொல்வார் என்று நினைத்து. கிடைத்தது ஒரு கடிதம். இனிப் பொருட்களைத் தொடக்கூடாது, அவற்றைப் பற்றி யாரிடமும் பேசக்கூடாது, இன்னொரு புகார் வந்தால் வேலை போய்விடும். நிபுணர்கள் வந்து மரங்களைக் கம்பி வைத்து இறுக்கிக் கட்டினார்கள். நான் போன் மேசைக்கு வந்தேன்.

சென்ற வாரம் என் மகள் கயலின் வகுப்பு வந்தது. அப்பா கையால் போன் வாங்குவதில் அவளுக்கு ஒரே பெருமை. கட்டுமரத்தின் முன்னால் போன் கேட்டது: மரங்களை எப்போது கட்டுவார்கள்? செய்யும்போது ஒரே ஒரு தடவையா, ஒவ்வொரு தடவை கடலுக்குப் போகும்போதுமா? கயல் இரண்டாவதை அழுத்தினாள். படகு மூழ்கியது. கூட நின்ற பிள்ளைகள் அவளைப் பார்த்து முனகினார்கள்.

"எங்க அப்பா கட்டுமரத்துல போனவரு, அவரக் கேளுங்க" என்று பிரெஞ்சில் கத்தினாள். டீச்சர் என்னிடம் திரும்பி, "முசியே, அவள் சொல்வது சரியா?" என்றார். டீச்சருக்குப் பின்னால் அதிகாரி அம்மாள் நின்றுகொண்டிருந்தார்.

"போன் சொல்றதுதான் சரி" என்றேன்.

கயல் என்னையே பார்த்தாள். பிறகு முதல் பதிலை அழுத்தினாள். மீன் துள்ளியது.

வீட்டுக்கு வந்ததும் கேட்டாள். "அப்ப நீ எனக்குச் சொன்னது பொய்யாப்பா?"

"நெசந்தான்டா கண்ணு."

"அப்ப ஏன் அங்க சொல்லல?"

"வேலை போயிடும்மா" என்று பத்து வயதுப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? வெட்கமாக இருந்தது. "பசிக்குதா?" என்று கேட்டேன், வேறென்ன கேட்பது. அவள் நோட்டை எடுத்து எழுத உட்கார்ந்துவிட்டாள்.

மியூசியத்தில் கற்றுக்கொண்டதை எழுதி, பெற்றோரிடம் கையெழுத்து வாங்கி வர வேண்டுமாம். நோட்டை என் முன்னால் நீட்டினாள். அழகான பிரெஞ்சில் எழுதியிருந்தாள்: இந்தியாவில் கட்டுமரத்தை ஒரு தடவை கட்டுவார்கள், பிறகு அவிழ்ப்பதே இல்லை.

"சைன் போடுப்பா" என்றாள்.

இங்கே வந்து இத்தனை வருடத்தில் நான் மாற்றாத ஒன்று என் கையெழுத்து. அந்த வரிக்குக் கீழே, தமிழில், என் பெயரையும் அப்பாவின் முதலெழுத்தையும் போட்டுக் கொடுத்தேன்.