தனியாளாக அறுத்த புல்

ஊரார் தோட்டத்துப் புல்லுக்கெல்லாம் வைத்தியம் பார்க்கிறவளுக்குத் தன் வீட்டுப் புல்லைத் தொட மட்டும் கை வரவில்லை. அழகுக்காக வளர்க்கிற புல்தான் அவளுக்குப் பிழைப்பு. தெருவில் அவள் பெயரே புல்லக்கா. புல் சாய்ந்து கிடக்கிறது என்று யாராவது கூப்பிட்டால், வாசலிலேயே ஆரம்பித்துவிடுவாள். "தண்ணியும் உரமும் அள்ளிக் கொட்டியிருப்பீங்க. செல்லம் குடுத்தா புள்ளைங்க மட்டுமா கெடும்?" பூக்கவில்லை என்றால், "நிழல்ல வெச்சுட்டுப் பூ கேட்டா எப்படி?" என்பாள். எதற்கும் அவளிடம் ஒரு பதில் இருக்கும்.

அவள் வீட்டுப் பின்பக்கம் ஆளுயரத்துக்கும் மேலே வளர்ந்த பெரிய புல்தூர் ஒன்று நின்றது. குளிர் முடிந்து புதுத் தளிர் எட்டிப் பார்க்கும் முன்னே அதை ஒட்ட அறுத்தாக வேண்டும். அவள் புருஷன் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு புல்லை இறுகக் கட்டிப்பிடித்துக்கொள்வார்; இவள் குனிந்து அடியில் அரிவாள் போடுவாள். இவள் சொன்னால்தான் பிடியை விடுவார். போன மழைக்காலத்தில் நெஞ்சுவலி வந்து மனுஷன் போய்ச் சேர்ந்துவிட்டார்.

புல் அறுபடாமலே நின்றது. காற்றில்லாத மத்தியானத்தில்கூட அதற்குள் சரசரவென்று சத்தம் கேட்கும், யாரோ சட்டைக்குள் கையை நுழைப்பதுபோல. புல்லக்கா ஜன்னலைச் சாத்திவிட்டு வேலைக்குப் போய்விடுவாள்.

பக்கத்து வீட்டிலிருக்கும் நாத்தனார்தான் ஒருநாள் புல்லை விலக்கிப் பார்த்துப் பதறினாள்.

"அண்ணி, நடுவுல செத்துப்போச்சு! சுத்தி ஓரமா மட்டும்தான் பச்சை இருக்கு. அண்ணன் வெச்சது, மொத்தமா போயிடும். வாங்க, நான் பிடிச்சுக்கிறேன்."

"நீ தொடாதே!" என்று சீறினாள் புல்லக்கா. அவர் பிடித்த இடத்தில் இன்னொரு கை படுவதை அவளால் தாங்க முடியவில்லை.

மறுநாள் காலையில் அரிவாளோடு தனியாக இறங்கினாள். புல்லைச் சுற்றிக் கயிற்றால் கட்டிவிட்டு அறுக்கத் தொடங்கினாள். பாதியில் கயிறு அவிழ்ந்து காலடியில் விழுந்தது. புல் சிதறவில்லை. அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஆனாலும் கை நிற்கவில்லை. கடைசித் தண்டு அறுந்த பிறகும் அந்தக் கட்டு இடுப்பளவில் இறுகி, நிமிர்ந்தபடியே நின்றது.

"விடுங்க," என்றாள் மெதுவாக.

அது அசையவில்லை.

வந்ததே அவளுக்குக் கோபம்! "ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே, கேட்டீங்களா? வெறும் வாயுதான்னு திரும்பிப் படுத்தீங்க. என்னை விட்டுட்டுப் போகத் தெரிஞ்சுது, இதை விடத் தெரியலையா?" அவர் செத்த அன்றுகூட அழாதவள், அரிவாளை எறிந்துவிட்டுப் புல்லை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். அப்போதுதான் அது தளர்ந்து அவள் தோளில் சரிந்தது.

இனி நடுவில் செத்ததைத் தோண்டி எறிந்துவிட்டு, ஓரத்துப் பச்சையைப் பிரித்து நட வேண்டும். மூக்கைத் துடைத்துக்கொண்டு பக்கத்து வீட்டைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

"இங்க வாம்மா. என்னால தனியா முடியல."