கருப்புச் சேலை கட்டிய மூங்கில்

அப்பா மாசியில் இறந்தார். நேபாளத்தில், எங்கள் பக்தபூரில், அந்த வருடம் இறந்தவர்களை ஆவணியில் ஒரே ஒரு நாள், பசு ஊர்வலத்தில், வழியனுப்புவோம். மூங்கில்தான் பசு, எமன் வாசல்வரை கூட்டிப்போவது. உச்சியில் வைக்கோல் கொம்பு, நடுவில் இறந்தவரின் போட்டோ. மூங்கிலில் சுற்ற, ஆணுக்கு வேறு துணி. பெண்ணுக்குச் சிவப்புக் கரை போட்ட கருப்புச் சேலை. அன்றைக்குத் தவறினால் அடுத்த வருடம் கிடையாது.

நான் அப்பாவுக்குக் கருப்புச் சேலை சுற்றினேன். பதினாறு அடி உயரம், ஆறு கட்டு. அணைக்கட்டில் இன்ஜினியர் நான். கட்டு அவிழாது என்று தெரியும். சித்தப்பா வருவார் என்றும் தெரியும்.

அப்பா, கியான்காஜி சுவால், நகராட்சியில் தண்ணீர் வால்வு திறந்துவிடுபவர். தெருவில் நிமிர்ந்து பார்க்கமாட்டார். ஊர்வலத்தன்று மட்டும் கோலாட்டத்தில் பெண்ணாக ஆடுவார். அன்றைக்கு ஆண்கள் சேலை கட்டுவது வழக்கம், யாரும் கேட்கமாட்டார்கள். முப்பத்தொரு வருடம் ஆடினார். கடைசிப் பத்து வருடங்கள், ஆடி முடித்ததும் அதே சேலையோடு காத்மாண்டு பஸ் ஏறினார். அங்கே அதே நாளில் திருநங்கைகளும் தன்பால் விரும்புகிறவர்களும் வானவில் கொடியோடு நடப்பார்கள். ஒருமுறை என்னையும் கூட்டிப்போனார்.

"மத்தவங்க இன்னைக்கு வேஷம் போடுறாங்க. நான் கழட்டுறேன்" என்றார் பஸ்ஸில்.

சித்தப்பா ஊர்வலத்தன்று காலை எட்டு மணிக்கு, தூக்குவதற்குப் பங்காளிகள் மூவரோடு வந்தார். என்னைப் பார்க்கவில்லை, மூங்கிலைப் பார்த்தார்.

"அவுத்துடு."

"மாட்டேன் சித்தப்பா."

"ஆடினது கூத்து. இது காரியம். எமன் வாசல்ல யாருன்னு கேட்டா எங்கண்ணன் என்னம்மா சொல்லுவான்?"

"அவரு யாருன்னு அவருக்குத் தெரியும்."

பங்காளிகளில் ஒருவர் மூங்கிலைக் காட்டிச் சிரித்தார். "அண்ணிக்கு ரவிக்கை எங்கே?"

அப்பாவின் தோழி சஞ்சலா, காத்மாண்டு வானவில் ஊர்வலத்தை விட்டுவிட்டு இன்னொருத்தியோடு வந்திருந்தாள். அவிழ்க்காவிட்டால் தூக்கமாட்டோம் என்றார் சித்தப்பா. மூங்கிலை நிறுத்திய கட்டைச் சட்டத்தைத் தூக்க நாலு தோள் வேண்டும். என்னையும் சேர்த்து மூன்று.

வெள்ளை உடுத்திய அம்மா கீழே இறங்கி வந்தாள். நீங்களே சொல்லுங்கள் அண்ணி என்றார் சித்தப்பா. அவள் மூங்கிலைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"யாரு கட்டினது?"

"நான்தாம்மா."

"கொசுவம் தப்பு. இப்படிக் கட்டிவிட்டா உங்கப்பா வாசலே தாண்டமாட்டாரு."

அவிழ்த்தாள். ஒவ்வொரு மடிப்பாக நீவி முன்பக்கம் செருகினாள். முப்பத்தொரு வருடமும் அவள்தான் கட்டிவிட்டிருக்கிறாள். அது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. கட்டி முடித்து மேலே போய்விட்டாள்.

பங்காளிகள் ஒவ்வொருவராக நழுவினார்கள். சித்தப்பா மட்டும் நின்றார். முன்னால் சஞ்சலாவும் அவள் தோழியும், பின்னால் நான். சட்டத்தின் நாலாவது முனை தரையில் கிடந்தது. எங்கள் தெருவின் முறை வந்துவிட்டது. மேளம் முக்கைத் தாண்டிக்கொண்டிருந்தது. அது போய்விட்டால் பிடிக்க முடியாது.

சித்தப்பா செருப்பைக் கழற்றினார். குனிந்து தூக்கினார்.

சதுக்கத்தில், ஊர்வலத்தில் வருகிறவர்களுக்குக் கொடுக்கத் தட்டோடு நின்ற ஒருத்தி சேலையைப் பார்த்துவிட்டு, எந்த வீட்டு அம்மா என்று கேட்டாள். மூங்கில் என் பக்கம் சாய்ந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தேன்.

"எங்கண்ணன்" என்றார் சித்தப்பா.

அவள் போட்டோவை மறுபடி பார்த்தாள். பிறகு பாலையும் பழத்தையும் நீட்டினாள். வாங்க எங்கள் நால்வருக்கும் கை ஒழியவில்லை.