பூபதி அண்ணன் முடிக்காத பாட்டு

அண்ணி தொலைபேசியில் சொன்னது இவ்வளவுதான்: "அவரு போயிட்டாருப்பா. வயலினை எடுத்துக்கினு வா." அன்று மாலை எங்களுக்கு ஒரு கல்யாண வரவேற்பில் வாசிப்பு இருந்தது. நிகழ்ச்சி நாளில் என்னைத் தவிக்க விடுவது பூபதி அண்ணனுக்குப் புதிதல்ல என்றுதான் முதலில் தோன்றியது. அழுகை பிறகு வந்தது.

பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடை மாடியில் பியானோ வகுப்பு நடத்தியவர். நெசவாளர் வீட்டுப் பிள்ளை. பள்ளிக்கூடப் பிரார்த்தனைக் கூடத்துப் பியானோவில் விரல் பழகியவர். அவர் கைக்கு ஈடு கிடையாது, பிடிவாதத்துக்கும்தான். ஒரு சுரம் பிசகினால் நிறுத்திவிட்டு முதலிலிருந்து தொடங்குவார். வகுப்பில் மட்டும் என்றால் பொறுத்துக்கொள்ளலாம், மேடையிலும் அப்படியே. மணமக்களை வரவேற்கும் இசையை அவர் திரும்பத் திரும்பத் தொடங்கிக்கொண்டிருந்த ஒருநாள், மணமக்கள் பந்திக்கே போய்விட்டார்கள். ஒரு மாணவியின் தாயார் என்னைப் பிடித்துக்கொண்டு, வருஷம் முழுக்க வீட்டில் பாதிப் பாட்டுதான் கேட்கிறது, மீதி எப்போது வரும் என்று கேட்டார்.

எத்தனையோ முறை சண்டை போட்டிருக்கிறேன். தறியில் இழை தப்பினால் உங்கள் அப்பா அதுவரைதானே பிரிப்பார், முழுச் சேலையையுமா பிரிப்பார் என்று ஒருநாள் மடக்கினேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "சேலை தறியிலயே இருக்குதுப்பா. நான் வாசிச்சது காத்தோட போயிடுச்சு. எங்கேர்ந்து பிரிக்கிறது?"

எங்கள் இருவருக்குமாக அவரே ஒரு பாட்டு அமைத்தார். சென்னையில் ஒரு சபாவில் அதை வாசிக்க அழைப்பு வந்தது. இதன் பிறகாவது கல்யாண மண்டபங்களை விட்டு வெளியே வரலாம் என்று நான் கனவு கண்டேன். நடுவில் ஓர் இடத்தில் அவர் விரல் பிசகியது. முதலிலிருந்து. மறுபடி அதே இடம், மறுபடி முதலிலிருந்து. நேரம் முடிந்து திரை விழுந்தது. திரும்பும் பேருந்தில் சுங்குவார்சத்திரம் வரை நான் அவர் முகத்தையே பார்க்கவில்லை. அவரோ முன்சீட்டுக் கம்பியில் விரலால் அதே பாட்டை வாசித்துக்கொண்டு வந்தார். அதன் பிறகு எந்தச் சபாவும் எங்களை அழைக்கவில்லை.

அண்ணன் போன அன்று, அவர் வீட்டு வாசலில், அண்ணி அந்தப் பாட்டைத்தான் வாசிக்கச் சொன்னார். உறவினர்கள் எடுக்க நேரமாகிறது என்று அவசரப்பட்டார்கள். அதே இடத்தில் என் விரலும் பிசகியது. இத்தனை வருஷம் நான் வாதாடியபடி, நிறுத்தாமல் தாண்டிப் போனேன். அண்ணி தலை நிமிர்ந்தார்.

"தப்பு வந்துச்சேப்பா. முதல்லேர்ந்து வாசி."

எனக்கு எரிச்சல் வந்தது, சத்தியமாக வந்தது. போன பிறகும் இவர் என்னை விடவில்லை. பாடையருகே நின்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் வில்லை எடுத்து முதலிலிருந்து தொடங்கினேன். இந்த முறை கடைசிவரை போனேன்.

அண்ணே, உங்கள் பாட்டின் முடிவு அவ்வளவு அழகு. நீங்கள்தான் யாரையும் கேட்கவிடவில்லை. இப்போதாவது நடுவில் நிற்காமல் போய் வாருங்கள்.