ஓர்ஸ் ஹில்லில் புகை இல்லை

ஆவணி பிறந்தால் இங்கே யன்னல் விளிம்புகளுக்கு டேப் ஒட்டுகிறோம். கனடாவின் கம்லூப்ஸ் நகரத்தில் கோடை என்பது வெயில் மட்டுமல்ல, காடு எரிகிற புகையும்தான். வெக்கை தாங்காமல் யன்னலைத் திறந்துவிடுகிற திருகோணமலைச் சனத்துக்கு இது விளங்காது. மத்தியானத்திலும் சூரியன் செம்மஞ்சளாய், வெறுங்கண்ணால் பார்க்கக்கூடியதாய் நிற்கும். அந்தப் புகையைப் பின்தொடர்வதுதான் என் வேலை. செய்மதிப் படங்களில் எது முகில், எது புகை என்று பிரித்து, புகையைச் சுற்றிக் கோடு போட்டு, நாளைக்குக் காற்று அதை எங்கே கொண்டுபோகும் என்று சொல்லவேண்டும்.

இந்த வருடம் நான் போட்ட கோட்டுக்குள் என் வீடே கிடந்தது. எட்டு வயது மகள் மாதுமைக்கு முட்டு வருத்தம். மூச்செடுக்க முடியாமல் அவளைத் திரும்பத் திரும்ப ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியபிறகு, கணவர் அவளைத் திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் இருக்கும் என் அக்காவிடம் விட்டுவிட்டு வந்தார். புகைக்காலத்தில் எனக்கு லீவு கிடையாது.

முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. பிறகு வீடியோவில் பிள்ளையின் கன்னம் உப்பத் தொடங்கியது. பெரியம்மாவோடு பாலத்தால் கிண்ணியாவுக்குப் போய்த் தயிர் வாங்கிய கதை, பெரியம்மா நீச்சல் பழக்கிய கதை. எனக்கும் நீச்சல் பழக்கியது அக்காதான். உள்துறைமுகத்துத் தண்ணீரில் என் வயிற்றைத் தாங்கிப் பிடித்த அந்தக் கை அப்போது முழுக்க எனக்கே சொந்தம். இப்போது அந்தக் கைமீதும் பொறாமை, அது தாங்குகிற பிள்ளைமீதும் பொறாமை.

“அங்க இன்னும் புகையோ, அம்மா?”

“ஓம், குஞ்சு.”

“அப்ப நான் இஞ்சயே நிக்கிறன்.”

அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரி, பிள்ளை யாரோடு நிற்கிறாள் என்று கேட்டாள். பெரியம்மாவை அப்படியே மொழிபெயர்த்து “பிக் மதர்” என்றேன். “ஓ, கிராண்ட்மதர்!” என்றாள். இல்லை, என் அக்கா என்று விளக்கியதும், “ஆன்ட்” என்று முடித்துவிட்டாள். அம்மா என்ற சத்தமே இல்லாத அந்தக் குட்டிச் சொல் எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. பிள்ளையின் நினைப்பில் சிரிக்கிறேனென்று அவள் எண்ணிக்கொண்டாள்.

ஒரு மாலை வேலை முடிந்தும் எழும்பாமல், ஊருக்கு மேலே எடுத்த படத்தைத் திறந்தேன். குடாவுக்குத் தெற்கே, கட்டைபறிச்சான் பக்கம், நூல்போல ஒரு புகை. வயல் அறுத்து வைக்கோல் எரிக்கிறார்கள். தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று அதை நேரே கடலுக்குத் தள்ளிக்கொண்டிருந்தது. ஓர்ஸ் ஹில்லுக்கு அது வரவே வராது. காற்றைப் பார்ப்பதுதானே என் பிழைப்பு, எனக்குத் தெரியாதா? ஆனாலும் மனம் துள்ளியது. அக்காவை அழைத்தேன்.

“அக்கா, அங்கயும் புகை. செய்மதியில தெரியுது. பிள்ளையை வெளியில விடாதேங்கோ. இனி இஞ்ச அனுப்புறதுதான் நல்லம்.”

“இஞ்ச ஒரு மணமும் இல்லையே. ஆரும் வைக்கல் எரிச்சிருப்பினம்.”

“அப்பிடி இல்லை, அக்கா, அது...”

அக்கா இடைமறித்தாள். “பிள்ளை வேணும் எண்டா வேணும் எண்டு கேளடி. அதுக்கு ஏன் புகையைக் கூப்பிடுறாய்?” என்றாள். பிறகு குரல் இறங்கியது. “எனக்கும் அவளை விட ஏலாதுதான். அதுக்காக, கேட்டாத் தரமாட்டன் எண்டே நினைச்சனி?”

“வேணும், அக்கா,” என்றேன்.

அடுத்த கிழமை இங்கே மழை கொட்டியது. கம்லூப்ஸ் என் கோட்டுக்கு வெளியே வந்தது. கணவர் மறுபடி போய் அவளைக் கூட்டிவந்தார்.

விமான நிலையத்தில் மாதுமை ஓடிவந்து கட்டிக்கொண்டாள். கறுத்து, வளர்ந்து, தலையில் நல்லெண்ணெய் மணத்தோடு. அக்கா போட்டுவிட்ட இரட்டைப் பின்னலில் ஒன்று வழியில் அவிழ்ந்துபோயிருந்தது. காருக்குள் அதைப் பின்னிவிட்டு, மற்றதிலும் கை வைத்தேன்.

“அது வேண்டாம், அம்மா. அது பெரியம்மா பின்னினது.”

கையை எடுத்துக்கொண்டேன். வீடுவரை என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டு வந்தாள். ஒரு பின்னல் என்னுடையது, கொஞ்சம் தொளதொளவென்று. மற்றது அக்காவுடையது, இறுக்கமாக, ஒரு மயிரும் பிசகாமல்.