கியர் பெட்டிக்குக் காவல்

எங்கள் அப்பாவுக்கு மூட்டையின் மேல்பக்கத்தில் நம்பிக்கை கிடையாது. பண்ருட்டிப் பக்கத்து முந்திரிக்கொட்டையை வாங்கி விற்பது அவர் தொழில். மேலாகப் பார்த்தால் எல்லா மூட்டையும் நல்ல மூட்டைதான் என்பார். குத்தூசியை மூட்டையின் அடியில் செருகி, அதன் வழியாக வரும் நாலு கொட்டையை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்த பிறகுதான் பேச்சே தொடங்கும். மூட்டைகளை அப்படிப் பார்த்துப் பழகியவர் மனிதர்களையும் அப்படியே பார்க்க ஆரம்பித்துவிட்டார். பால்காரர், சலவைக்காரர், என் கணக்கு வாத்தியார் என்று ஒருவரும் அந்த ஊசிக்குத் தப்பியதில்லை. அம்மா இதற்கெல்லாம் அலட்டிக்கொள்ள மாட்டாள். "என்னப் பொண்ணு பாக்க வந்தப்பவே, நாலு எட்டு நடக்கச் சொல்லி காலு சரியா இருக்குதான்னு பாத்த மனுசன்" என்று சிரிப்பாள்.

அப்படிப்பட்டவர் ஒரு மாசி மாதம் புதுக் கார் வாங்கினார். அறுபதுகளின் நடுவில் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் தெருவுக்கு வந்த முதல் கார் அது. திருவந்திபுரத்துக்குக் கொண்டுபோய்ப் பூசை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றிய கையோடு, "இத என்னத் தவிர யாரும் தொடக்கூடாது" என்று அப்பா அறிவித்துவிட்டார். சொல்லும்போது அவர் பார்த்தது மாமாவை.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. நெய்வேலியில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர், அங்கே மேலதிகாரியோடு ஏதோ தகராறாகி வேலையை விட்டுவிட்டு எங்கள் வீட்டோடு வந்து தங்கியிருந்தார். லாரி ஓட்டிய கை சும்மா இருக்குமா? தினமும் காரைத் துடைப்பார். துடைத்து முடித்ததும் கதவில் சாய்ந்துகொண்டு ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்தப் பார்வை அப்பாவுக்குப் பிடிக்காது. சாவியை இடுப்பு பெல்ட்டில் வைத்திருந்தார், குளிக்கப் போகும்போதும் அது கூடவே போகும்.

ஆடி பிறந்தபோது கார் முனக ஆரம்பித்தது. இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்கு மாற்றும்போது 'கரக்' என்று ஒரு சத்தம், அம்மியில் கல் சிக்கியதுபோல. சில சமயம் போட்ட கியர் தானாகவே துள்ளி வெளியே வந்துவிடும். காருக்கு ஆறு மாதக் கியாரண்டி இருந்தது. அந்தச் சீட்டை இரும்புப் பெட்டியில் பத்திரத்தோடு பத்திரமாக வைத்திருந்தார் அப்பா. கொண்டுபோய்க் காட்டுங்கள் என்று மாமா சொன்னார், அம்மாவும் சொன்னாள்.

"ஆடியில புது வண்டியப் பிரிக்கிறதா? ஆடி கழியட்டும்" என்றுவிட்டார் அப்பா.

ஆடி கழிந்தது. கூடவே கியாரண்டியும் கழிந்தது. பாண்டிச்சேரியில் கார் வாங்கிய கடையில் இருந்தவர் சீட்டை வாங்கிப் பார்த்து, விரல்விட்டு எண்ணி, நாலு நாள் தாண்டிப்போய்விட்டது என்று சொல்லிவிட்டாராம். சொன்னதோடு விட்டாரா, "வண்டிய யார் ஓட்டுறது?" என்று வேறு கேட்டிருக்கிறார். அப்பா வீட்டுக்குத் திரும்பி வந்தபோது அந்தக் கேள்வியையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

அன்றிலிருந்து வீடு போலீஸ் ஸ்டேஷன் ஆனது. தினமும் காரை நிறுத்தியதும் நாலு சக்கரத்துக்கும் முன்னால் அரிசி மாவால் ஒரு கோடு இழுத்துவைக்க வேண்டும், காலையில் கோடு கலைந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அந்த உத்தியோகம் எனக்குக் கிடைத்தது. எனக்குப் பத்து வயது. வகுப்பில் எந்தப் பெண்ணுக்கும் இப்படி ஒரு பொறுப்பு இல்லை என்ற கர்வத்தில் நான் மாமாவை விடாமல் கண்காணித்தேன். அவர் எனக்குக் கொய்யாப்பழம் வாங்கிக் கொடுத்தால்கூட, எதற்காகக் கொடுக்கிறார் என்று யோசித்துவிட்டுத்தான் தின்றேன். ஒரு நாள் கோடு கலைந்திருந்தது. எறும்பு தின்றிருக்கும் என்றாள் அம்மா. எறும்புக்கு மாமாவின் செருப்பு அளவில் கால் இருக்குமா என்று அப்பா கேட்டார்.

சந்தேகம் மாமாவோடு நிற்கவில்லை. வாங்கி மூன்று மாதம்கூட ஆகாத அப்பாவின் தோல் செருப்பில், இடது கால் செருப்பு மட்டும் முன்பக்கம் தேய்ந்து ஓட்டை விழுந்துவிட்டது. வலது செருப்பு புதுசுபோலவே இருந்தது. "ஒரு காலுக்கு நல்ல தோலப் போட்டுட்டு, இன்னொரு காலுக்கு மட்டத்தப் போட்டு ஏமாத்திட்டான்" என்று செருப்புக் கடைக்காரரோடு அப்பா போட்ட சண்டையைப் பார்க்கக் கடைத்தெருவே கூடியது.

ஒரு மத்தியானம் சாப்பிடும்போது அப்பா நேராகவே கேட்டுவிட்டார். "மச்சான், நான் பண்ருட்டி சந்தைக்குப் போற நாள்ல நீ வண்டிய எடுத்தியா, இல்லியா?"

மாமாவின் கை இலையிலேயே நின்றது. "எங்க அக்கா மேல சத்தியமா எடுக்கல மாமா. என் மேல நம்பிக்க இல்லன்னா சொல்லிடுங்க, நான் கௌம்பிடுறேன்."

"நீ எங்கயும் போவ வேணாம். சிதம்பரத்துல ஒரு மெக்கானிக் பாய் இருக்காரு, மலேயாவுல வெள்ளக்காரன் வண்டியெல்லாம் பாத்தவரு. அவரு கியர் பெட்டியப் பிரிச்சு, யாரு கை பட்டிருக்குதுன்னு சொல்லட்டும். அதுக்கப்புறம் நீ போறதா இருக்கறதான்னு பேசிக்கலாம்."

அம்மா அன்று சாப்பிடவில்லை. அவளுக்குப் பிறந்த வீடு என்று மிச்சம் இருந்தது அந்தத் தம்பி ஒருவர்தான். திருட்டுப் பட்டத்தோடு அவர் வாசல் தாண்டினால் மறுபடி வரமாட்டார் என்பது அவளுக்குத் தெரியும். சாமி படத்துக்கு முன்னால் ஒரு ரூபாயை மஞ்சள் துணியில் முடிந்துவைத்தாள். பத்து வயதுத் துப்பறியும் புலியான எனக்கு, அம்மா குற்றவாளிக்கு உடந்தையோ என்றுகூடத் தோன்றியது.

சிதம்பரத்துக்கு மூன்று பேரும் காரிலேயே போனோம். கடலூரில் மெக்கானிக் இல்லாமல் இல்லை, ஆனால் அவர்கள் எல்லோருக்கும் மாமாவைத் தெரியும். அப்பா ஓட்ட, மாமா பக்கத்தில், நான் பின்னால். ஒவ்வொரு முறை கியர் மாற்றும்போதும் அப்பா இடது கையால் வேட்டியை முழங்காலோடு சேர்த்துக் கொத்தாகப் பிடித்துத் தூக்கி, காலைப் பெடல்மேல் வைத்தார். அதே கையால் கியரைத் தள்ளும்போது, பெடல் முழுதாக அமுங்குவதற்குள் கியர் 'கரக்' என்றது. வேட்டி கட்டிக்கொண்டு கார் ஓட்டுகிறவர்களுக்கு இது ஒரு தோரணை என்று நினைத்துக்கொண்டேன். புதுச்சத்திரம் தாண்டும்போது மாமா, "நான் வேணும்னா கொஞ்ச தூரம்..." என்று ஆரம்பித்தார். அப்பா திரும்பிப் பார்த்த பார்வையில் மிச்சத்தை விழுங்கிவிட்டார்.

பாயின் பட்டறை ரயிலடிக்குப் போகிற வழியில், ஒரு கீற்றுக் கொட்டகை. நல்ல பெட்டியிலிருந்து நல்ல சாமானைக் கழற்றிக்கொண்டு பழசை மாட்டிவிடுவார்கள் என்பது ஊரறிந்த பயம். அப்பா அதற்குத் தயாராகவே வந்திருந்தார். முந்திரி மூட்டைக்கு அடையாளம் போடுகிற பச்சைப் பெயிண்டு டப்பாவையும் தூரிகையையும் என் கையில் கொடுத்து, கழற்றுகிற ஒவ்வொரு சாமானிலும் ஒரு பொட்டு வைக்கச் சொன்னார். "கண்ணக் கொட்டாமப் பாரு. யாரு என்ன பேசுனாலும் கேட்டு வையி."

பாய் இதைப் பார்த்துக் கோபப்படவில்லை. "வையி பாப்பா, பொட்டு வச்சா பெட்டிக்கும் அழகுதான்" என்றார்.

வேலை முடிய நேரமாகும் என்றதும் அப்பா கோயிலுக்குக் கிளம்பினார். சிதம்பரம் வந்துவிட்டு உச்சிக்காலப் பூசை பார்க்காமல் எப்படிப் போவது? ஆனால் கோயில் வாசலில் செருப்பை விட்டுவிட்டு நிம்மதியாகச் சாமி கும்பிடுகிற அளவுக்கு அவருக்கு இந்த உலகத்தின் மேல் நம்பிக்கை இல்லை. செருப்பைக் காருக்குள்ளேயே, பெடலுக்குக் கீழே விட்டுவிட்டு வெறுங்காலோடு நடந்தார்.

பாய் பெட்டியைப் பிரித்தார். எண்ணெயில் ஊறிய பல்சக்கரங்கள் ஒவ்வொன்றாகச் சாக்கின்மேல் வந்து உட்கார, நான் பொட்டு வைத்தேன். ஒரு சக்கரத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு மாமாவைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"தம்பி, இது திருட்டுத்தனமா ஒரு நாள் ரெண்டு நாள் எடுத்ததுல ஆனதில்ல. இடது காலால கிளச்ச பாதி மிதிச்சு மிதிச்சு கியரு போட்டிருக்குது, மாசக்கணக்கா. பல்லு பூரா ஒரே மாதிரி அரைபட்டுக் கெடக்குது பாருங்க. யாரு தெனம் ஓட்டுறது?"

மாமாவின் பார்வை டிரைவர் சீட்டுக்குப் போனது. பாய் எழுந்துபோய்க் கார்க் கதவைத் திறந்து குனிந்து பார்த்தார். அப்பாவின் இடது கால் செருப்பை எடுத்துத் திருப்பினார். ஓட்டை வழியாக ஒரு விரலை விட்டு மாமாவுக்குக் காட்டினார்.

"காலு இழுக்குது தம்பி. அவருக்குத் தெரியும். எங்க மாமனாருக்கும் இப்புடித்தான் ஆரம்பிச்சிச்சு. ஜாஸ்தி நாள் ஓட்ட உடாதீங்க. எதுக்கால லாரி வந்தா பிரேக்குக்கு வலது காலு இருக்குது, சரி. மூளையிலேருந்து வர்ற நோவு, நாளைக்கு வலது காலையும் புடிச்சிக்கிச்சின்னா?"

மாமா ஒரு பழைய டயரின்மேல் உட்கார்ந்து துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். நான் பொட்டு வைப்பதை நிறுத்தவில்லை. காது மட்டும் அங்கே இருந்தது.

"கம்பெனி இரும்பு சரியில்லன்னு நான் சொல்லிடுறேன்" என்றார் பாய்.

"நம்பமாட்டாரு பாய். இன்னும் நாலு பட்டறைக்குத் தூக்கிக்கினு போவாரு. எவனாச்சும் மூஞ்சிக்கு நேரா ஒடச்சுச் சொல்லிடுவான். தாங்கமாட்டாரு." மாமா மூக்கைத் துடைத்துக்கொண்டார். "நான்தான் எடுத்தேன்னு ஒத்துக்கிறேன். அவரு தேடுறதும் அதானே."

நான் எதிர்பார்த்துக் காத்திருந்த வாக்கியம் வந்துவிட்டது. மற்றதெல்லாம் எனக்கு மெக்கானிக் பேச்சு. 'நான்தான் எடுத்தேன்' என்பது மட்டும் பளிச்சென்று புரிந்தது. பாயும் மாமாவும் கூட்டு என்பதும் சேர்ந்தே புரிந்தது.

அப்பா நெற்றி நிறைய விபூதியோடு வந்தார். மாமா எழுந்து நின்று தலையைக் குனிந்துகொண்டு, "மாமா, நான்தான் ஒரு நாள் திருவந்திபுரம் வரைக்கும் எடுத்துக்கினு போனேன். மன்னிச்சிருங்க" என்றார்.

அப்பா மாமாவைப் பார்க்கவில்லை. பாயைப் பார்த்தார். "ஒரு நாள்ல இப்புடி ஆவுமா பாய்?"

பாய் கையில் இருந்த சக்கரத்தைக் கந்தலால் துடைத்துக்கொண்டே இருந்தார். "ஆவும் மொதலாளி" என்றார் கடைசியில். நல்ல மெக்கானிக்தான், பொய் சொல்லத் தெரியவில்லை.

புதுச் சாமான் மெட்ராசிலிருந்து வரப் பத்து நாள் ஆகும் என்பதால் ரயிலில் திரும்பினோம். மாமா டிக்கெட் வாங்கப் போனதும், ஸ்டேஷன் பெஞ்சில் அப்பாவின் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்து என் அறிக்கையைச் சமர்ப்பித்தேன். ஒன்றையும் விடவில்லை. பொட்டு வைத்தது, பாய் சக்கரத்தைப் பார்த்தது, செருப்பை எடுத்தது, ஓட்டையில் விரலை விட்டுக் காட்டியது, காலு இழுக்குது என்றது, அவருக்குத் தெரியும் என்றது, மாமா அழுதது, தாங்கமாட்டாரு என்றது. எல்லாவற்றையும் சொல்லி, சிகரம் வைத்ததுபோல், "அப்புறம்தாம்ப்பா மாமா உண்மைய ஒத்துக்கிட்டாரு" என்று முடித்தேன்.

முதுகில் தட்டிக்கொடுப்பார் என்று காத்திருந்தேன். அப்பா தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீட்டியிருந்த இடது காலைக் கையால் பிடித்து மெல்ல பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

"நல்லாப் பாத்திருக்க" என்றார். "இத அம்மாகிட்ட சொல்லாத பாப்பா."

"மாமா மாட்டிக்கிட்டதையா?"

"ம். அதத்தான்."

பத்தாம் நாள் காலையில் அப்பா இடுப்பு பெல்ட்டிலிருந்து சாவியை எடுத்து மாமாவின் உள்ளங்கையில் வைத்தார். "போயி வண்டிய எடுத்துக்கினு வா மச்சான். இனிமே நீயே ஓட்டு." அம்மா சந்தோஷத்தில் அழுதாள், மஞ்சள் துணியை அவிழ்த்துக்கொண்டு கோயிலுக்கு ஓடினாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. குற்றத்தை ஒத்துக்கொண்டவருக்குக் காரே பரிசா? இத்தனை பச்சைப் பொட்டு வைத்ததற்கு என்ன அர்த்தம்?

ஆடி ஆகாது என்று அப்பா பார்த்தது வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான் என்பதெல்லாம் வெகுகாலம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. ஆடியில் சரக்கு எடுத்தவர், ஆடியில் கிணறு வெட்டியவர். கியாரண்டி இருந்தபோது அவர் பிரிக்கப் பயந்தது காரை இல்லை.

அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் மாமாவின் குட்டு என்னிடம் இருக்கிறது என்பதுதான். பெரிய மனது பண்ணி அதை வெளியே விடாமல், பின்சீட்டில் உட்கார்ந்து தினமும் பள்ளிக்கூடம் போய்வந்தேன். அப்பா முன்னால் மாமாவுக்குப் பக்கத்தில் உட்காருவார். மாமா கியர் மாற்றப் போகும்போதெல்லாம் அப்பாவின் கை வேட்டியை முழங்காலோடு பிடிக்கும், இடது கால் பெடல் இல்லாத வெறும் தரையை மிதிக்கப் போய்ப் பாதியில் நின்றுவிடும். மாமா மேல் இருந்த சந்தேகம் அப்பாவுக்கு இன்னும் போகவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன்.