கனம் பார்த்து வாங்கிய கம்ப்யூட்டர்

மகன் புது கிராபிக்ஸ் கார்டின் பெட்டியைப் பிரித்ததும் புத்தம்புது பிளாஸ்டிக் வாசனை வந்தது. தொண்ணூறுகளின் கடைசியில், காந்திபுரத்துக் கடையொன்றில் இதே வாசனைக்கு நடுவே என் பெரியப்பா நின்றிருந்தார்.

சிங்காநல்லூரில் மோட்டார் பம்ப் பட்டறை வைத்திருந்ததால் எல்லா இயந்திரமும் தனக்குத் தெரியும் என்பது அவர் நினைப்பு. கார் பந்தய கேம் ஆட எனக்கொரு கம்ப்யூட்டர் வாங்கத்தான் போயிருந்தோம். கையில் இருந்ததோ சின்ன பட்ஜெட்.

“கேம் ஆடறதுக்கு இந்தக் கார்டு வேணுமுங்க,” என்றார் கடைக்காரர்.

பெரியப்பா அதை உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார். “காத்தாட்டம் இருக்குது. இதுக்கு இத்தன காசுங்களா?” பிறகு கம்ப்யூட்டர் பாகங்களை அடைக்கிற ஒரு இரும்பு கேபினெட்டை இரண்டு கையாலும் தூக்கினார். “இதப் பாரு கண்ணு, என்ன கனம். இதுதான் பொருளு.”

கார்டுக்குப் போகவேண்டிய பணமெல்லாம் அந்தக் கேபினெட்டுக்கும், அம்மிக்கல் கனத்தில் ஒரு ஸ்டெபிலைசருக்கும் போனது. கம்ப்யூட்டரா, பழைய இரும்பா, எடைபோட்டு வாங்க?

வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் பெரியப்பா கேபினெட்டைத் தட்டிக் காட்டி, “அசையவே அசையாதுங்க,” என்பார். உண்மைதான். திரையில் என் காரும் அப்படித்தான் நின்றது.

மகன் கார்டைக் கையில் ஏந்தினான். மாதக்கணக்கில் வீடியோ பார்த்து, அலசி ஆராய்ந்து தேர்ந்தெடுத்த கார்டு.

“செம வெயிட்டுப்பா. நல்ல கார்டுதான்.”

பெரியப்பா செத்துப்போய்விட்டார் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.